உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க!

பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ காலம் வந்துவிட்டால், இறுதியாண்டுப் பிள்ளைகளின் உதட்டில் ஒரு பத்தி ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில், கேன்டீனில், ஹாஸ்டல் மொட்டை மாடியில் அதைத்தான் மனப்பாடம் செய்வார்கள். அதன் பெயர் ‘செல்ஃப் இன்ட்ரோ’. பெயர், சொந்த ஊர், படிப்பு, மதிப்பெண். அப்பா விவசாயம் அல்லது சொந்தத் தொழில், அம்மா ஹோம் மேக்கர். ஹாபி பாட்டு கேட்பது. பலம், கடின உழைப்பு. பலவீனம், எல்லாரையும் சுலபமாக நம்பிவிடுவது. இதைச் சொல்லித்தரவே பயிற்சி மையங்கள் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். அதிகாரி அன்று காலையிலிருந்து எல்லாரையும் சுலபமாக நம்பிவிடுகிற எத்தனையோ பேரைப் பார்த்து முடித்திருப்பார்.

அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கப்போகிறவர் என்ன கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்கிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்வது என்பது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் ‘நான்’ உருவம் எடுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் புலவர்களும் மன்னர்களும் பத்திரிகைக்காரர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பணிந்து சொன்னவர்கள் உண்டு. மார் தட்டியவர்கள் உண்டு. கேட்டவரையே திருப்பி முறைத்தவர்களும் உண்டு.

நான்கு சலுகைகள்

தற்புகழ்ச்சி கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்ப்பார்கள். இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலுக்கு முன்னால் வரும் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. எழுதியவர் பெயர், நூல் எந்த வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலின் பெயர், அமைப்பு, பொருள், யார் கேட்பதற்கானது, படித்தால் என்ன பயன். இன்றைய புத்தகங்களின் பின்னட்டையில் இதில் பாதிகூட இருப்பதில்லை. ஆனால் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்தவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பார்கள். ஆக, தமிழின் மிகப் பழைய இலக்கண ஆசிரியரைப் பற்றி நமக்கு அறிமுகம் சொல்வது அவருடைய கிளாஸ்மேட்.

அதோடு நன்னூல் நின்றிருந்தால் சுவாரஸ்யம் இல்லை. நான்கு இடங்களில் புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் கொடுக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, சபையில் வாதம் செய்து வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. பவணந்தி உலகம் தெரிந்தவர். வேலை கேட்பவன், அறிமுகம் இல்லாத ஊருக்கு வந்தவன், போட்டியில் இருப்பவன், அவமானப்பட்டவன் ஆகிய நான்கு பேரிடமும் போய் அடக்கமாக இரு என்று சொல்வது அநியாயம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அவையடக்கம் போதும்.

அவையடக்கத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ராமகாதையைப் பாட வந்த தன்னைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். பணிவுதான், சந்தேகமில்லை. ஆனால் ‘நான் இறங்கப்போவது கடல்’ என்ற அறிவிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. சிறு குளத்தின் கரையில் நிற்கும் பூனையாகத் தன்னை அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பின் அவர் பாடியது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

மன்னர்களுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. முதலாம் ராஜராஜன் தன் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி என்ற ஒன்றை வைக்கத் தொடங்கினான். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று வென்ற இடங்கள் வரிசையாக வரும். புது வெற்றி கிடைக்கக் கிடைக்க வரிசை நீண்டது. ஒரு கல்வெட்டு எந்த ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று தெரியாதபோது, மெய்க்கீர்த்தி எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தே ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். ஒரு கிராமத்துக் கோயிலுக்கு யாரோ விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியைப் படிக்கப் போனாலும், முதலில் சக்கரவர்த்தியின் அப்டேட் ஆன ‘புரொஃபைலை’ப் படித்துவிட்டுத்தான் ஆட்டுக்குப் போக முடியும்.

புறநானூற்றுக் கபிலர் வேறு வகை. பாரி இறந்த பிறகு அவன் மகள்களுக்கு மணம் முடிக்க வேண்டி இருங்கோவேளின் முன்னால் போய் நிற்கிறார். இவர்கள் யார் என்று நீ கேட்பாயானால், என்றுதான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. இவர்கள் பாரியின் மகள்கள், நான் இவர்கள் தந்தையின் தோழன், புலவன், அந்தணன் என்று சொல்கிறார். ஒரு பெரிய புலவர் தன்னைச் சொல்ல வேண்டிய இடத்தில் செத்துப்போன நண்பனின் பெயரை முன்னால் வைக்கிறார். இருங்கோவேள் மறுத்துவிட்டான். அடுத்த பாட்டில் கபிலர் அவனைக் கடிந்துகொண்டு வெளியேறுகிறார்.

கும்பகோணத்தில் ஒரு கேள்வி

என்னைக் கேட்டால், தமிழில் நடந்த மிகப் பெரிய இன்டர்வியூ 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்ததுதான் என்பேன்.

உ.வே.சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெயர் அவருக்குப் பெரிய கவசம். திருவாவடுதுறை ஆதீன வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எழுந்து நின்று மரியாதை செய்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்த்துவரும்படி ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் சொல்ல, ஐயர் போகிறார்.

முதலியார் யாரிடம் படித்தீர்கள் என்கிறார். ஐயர் ஆசிரியரின் பெயரைச் சொல்கிறார். எதிர்பார்த்த வியப்பு எதுவும் முதலியார் முகத்தில் வரவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், தல புராணங்கள் என்று ஐயர் அடுக்குகிறார். நம் கேம்பஸ் பிள்ளைகளின் பட்டியலைப்போல இல்லை அது. ஒவ்வொன்றும் உட்கார்ந்து பாடம் கேட்ட நூல். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற தொனியில் கேட்கிறார். ஐயருக்குச் சுருக்கென்றிருக்கிறது. இன்னும் கனமான நூல்களை எடுத்துப் போடுகிறார். அதுவும் எடுபடவில்லை. பிறகுதான் முதலியார் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார்.

ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. தமிழ்நாட்டின் ஆகச் சிறந்த வித்துவானிடம் படித்த மாணவனின் தன்னறிமுகம், பொழுதுபோக்காகத் தமிழ் படித்த ஒரு நீதித்துறை அதிகாரியின் மூன்று நூற்பெயர்களுக்கு முன்னால் சரிந்துவிட்டது.

தன்மானம் உள்ள எந்தப் பண்டிதரும் அதோடு அந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டார். ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று மடத்துத் திண்ணையில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஐயர் மறுபடி போனார். முதலியாரிடமிருந்து சிந்தாமணியை வாங்கினார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இருங்கோவேள் முன் கபிலர் தன்னைச் சொல்லிக்கொண்ட அந்தப் பாட்டை இன்று நாம் புத்தகத்தைத் திறந்து படிப்பதற்கும் கும்பகோணத்து முன்சீப் கேட்ட கேள்விதான் வழி திறந்தது.

இதையெல்லாம் ஐயரே எழுதிவைத்திருக்கிறார். 1940 தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்கள் முடிந்திருந்தன. வாழ்க்கைக் கதையோ 19ஆம் நூற்றாண்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அதில் என்னை ஈர்ப்பது தொடக்கம். தன் பெயரிலிருந்து ஐயர் தொடங்கவில்லை. முதல் அத்தியாயம் உத்தமதானபுரம் என்ற ஊர். ஏகாதசியன்று வெற்றிலை போட்டுவிட்ட தஞ்சை அரசர் ஒருவர் பிராயச்சித்தமாக அந்த ஊரை உண்டாக்கிய கதை, வயல், வாய்க்கால், தெரு. அடுத்து முன்னோர்கள், பாட்டனார், சங்கீத வித்துவானான கனம் கிருஷ்ணையர், தந்தையார். கதாநாயகன் பிறப்பதற்குள் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. இன்றைக்கு எந்தப் பத்திரிகை ஆசிரியரும் ‘சார், நீங்க எப்ப சார் வருவீங்க?’ என்று கேட்டிருப்பார்.

பெயரும் அவரே வைத்துக்கொண்டது இல்லை. வேங்கடராமன் என்பதுதான் இயற்பெயர். மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் படிக்கப் போனபோது, வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதுண்டா என்று ஆசிரியர் கேட்க, சாமிநாதன் என்பது வெளியே வந்தது. ஆசிரியர் அதையே பிடித்துக்கொண்டார். உலகத்துக்கும் அதுவே நிலைத்தது.

எந்த ஊரு? எந்தத் தெரு?

ஊரைச் சொல்லித் தன்னைச் சொல்வது நமக்கு ரத்தத்தில் ஊறியது. எல்லா ஊரும் எங்கள் ஊரே என்று பாடிய புலவரைக்கூட நாம் அவருடைய ஊரை வைத்துத்தான் அறிகிறோம்: கணியன் பூங்குன்றன். ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரோடு சீகாழியையும் சொல்லிவிட்டுத்தான் முடிப்பார். ஆண்டாள் திருப்பாவையின் இறுதியில் வில்லிபுத்தூரையும் தந்தையையும் சொல்லித் தன் பெயரைப் பதிக்கிறாள். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் இரண்டு எழுத்துகளில் மதுரையும் தாய் சண்முகவடிவும் இருக்கிறார்கள்.

ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் கேட்பதும் அதுதான். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ பெரும்பாலும் இது அன்பான கேள்வி. அந்த ஊரில் அவருக்கு ஒரு மச்சினன் இருப்பார், அங்கே ஒரு ஹோட்டலில் பரோட்டா நன்றாக இருக்கும், பேச்சு நகரும். சில நேரங்களில் கேள்வி அதோடு நிற்பதில்லை. ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’ ‘கோயிலுக்கு மேக்காலயா, கிழக்காலயா?’ ‘அப்பா பேரு என்ன?’ ஒவ்வொரு கேள்வியாக வட்டம் சுருங்கி, கடைசியில் கேட்க நினைத்ததைக் கேட்காமலே தெரிந்துகொண்டுவிடுவார்கள். சாதியை நேரடியாகக் கேட்பது அநாகரிகம் என்று ஆகிப்போன காலத்தில் ஊர் என்ற கேள்விக்கு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. பதில் சொல்கிறவர்களில் பலருக்கு இது பாதியிலேயே புரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் டவுனின் பெயரைச் சொல்லி அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ம் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. மலை சூழ்ந்த அழகான ஊர், குளங்கள், பறவைகள், வயல்கள். சில பக்கங்கள் வரை ஐயரின் உத்தமதானபுரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பிறகு தெருக்கள் வருகின்றன. எந்தச் சாதி எந்தத் தெருவில், யார் வீடு யார் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, தபால் ஆபீஸும் பஞ்சாயத்து போர்டும் பால் டிப்போவும் பெரிய கடைகளும் பள்ளிக்கூடமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதெல்லாம். தங்கள் ஆட்கள் வேலைக்காக அந்தப் பக்கம் போவார்கள், அந்தப் பக்கத்தவர்கள் இங்கே வருவதே இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ரயிலில் சுற்றி வளைத்துக் கேட்கப்படும் கேள்விக்குப் பாமா நடுத்தெருவில் நின்று சத்தமாகப் பதில் சொன்னதுபோல இருந்தது அந்தப் புத்தகம். எழுதியதற்காகச் சொந்த ஊரிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார். ஐயரின் முதல் அத்தியாயத்தையும் பாமாவின் முதல் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்தலாம். தமிழ்நாட்டு ஊர் என்றால் என்ன என்று அதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியாது.

பெயரிலும் இந்தப் போராட்டம் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெயரைச் சொன்னாலே போதும், வாலில் எல்லாம் தெரிந்துவிடும். 1925 மே 2 அன்று ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியரின் பெயரில் ‘நாயக்கர்’ இருந்தது. 1927இல் அது போய்விட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பெரிய கொள்கை விளக்கம் எழுதி ஒருவர் தன் நிலைப்பாட்டைச் சொல்வது ஒரு வழி. கையெழுத்தில் ஒரு சொல்லைக் குறைத்துக்கொள்வது இன்னொரு வழி, அதைத் தினமும் செய்ய வேண்டும். இன்றைக்கு டெல்லியிலோ மும்பையிலோ விண்ணப்பப் படிவத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுக்காரர் விழித்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்தத் தீர்மானமும் இருக்கிறது. கடைசியில் அப்பா பெயரை எழுதிச் சமாளிக்கிறோம். விமானத்தில் ஏறினால் பணிப்பெண் நம்மை அப்பா பெயரில் கூப்பிடுகிறார்.

ராஜாவுக்கு ஒரு சீட்டு

பவணந்தி கொடுத்த முதல் சலுகையை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் பாரதி. 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்து, கைதாகி, விடுதலையாகி, மனைவியின் ஊரான கடையத்தில் இருந்தார். கையில் காசில்லை. 1919இல் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதினார். உதவி கேட்கும் கடிதம்தான். ஆனால் படித்தால் உதவி செய்யப்போகிறவர் யார் என்று குழப்பம் வந்துவிடும். தமிழ்நாட்டில் பெரிய கவி இல்லை என்ற பழி என்னால் நீங்கியது என்கிறார். என் பாட்டை உன் சபையில் கேட்டுச் சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கொடு என்கிறார். எதிர்பார்த்த பரிசு எட்டயபுரத்திலிருந்து வரவில்லை.

அதே பாரதி, தன் இளமையைக் கதையாக எழுதும்போது ‘சின்னச் சங்கரன்’ என்று வேறொருவன் தலையில் ஏற்றிச் சிரிக்கிறார். அது முடிவு பெறாமல் நின்றுவிட்டது. சுயசரிதையைச் செய்யுளாகவும் பாடினார். வ.உ.சி.யும் தன் வாழ்க்கையை அகவலில் எழுதினார்; அது நூலாக வந்தது 1946இல், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து. கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தன்னை ‘அவன்’ என்றே குறிப்பிடுகிறார். கூச்சத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘நான்’ என்று சொல்லி ஒப்புக்கொள்ள முடியாத சிலவற்றை ‘அவன்’ என்று சொல்லி எழுதிவிடலாம், அது ஒரு வசதி.

நான்காவது சலுகை, எதிராளி பழித்துப் பேசும்போது. ‘தி ஹிந்து’ பிறந்தது அப்படித்தான். டி.முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இளக்காரம் செய்தன. பதில் சொல்ல இந்தியர்களுக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று ஜி.சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சடித்தார்கள். முதல் தலையங்கத்தின் தலைப்பே ‘நாங்கள்’ என்ற பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல். நான்கு ஆண்டுகள் கழித்து சுப்பிரமணிய ஐயர் தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். கேட்பவர் மாறியதும் மொழியும் மாறிவிட்டது பாருங்கள்: வெள்ளைக்காரனுக்குப் பதில் ஆங்கிலத்தில், சொந்த ஊர்க்காரனிடம் பேச்சு தமிழில்.

எச்சரிக்கை!

அவையடக்கத்தைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டவர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘எச்சரிக்கை’. உலகத்தைத் திருத்துகிற உத்தேசம் தன் கதைகளுக்குக் கிடையாது என்கிறார். விமர்சகர்களின் அளவுகோலில் தன் கதை அடங்காவிட்டால் தான் பொறுப்பில்லை என்கிறார்; தன் கதையை வைத்து அவர்களுடைய அளவுகோலைத்தான் அளந்துபார்ப்பதாகச் சொல்கிறார். இத்தனை திமிரோடு ஓர் எழுத்தாளர் வாசலில் நின்றதில்லை அதுவரை. ஆனால் கவனித்துப் படித்தால் இதுவும் அவையடக்கத்துக்குத் தம்பிதான். சபையை மதிக்காதவன் சபையோடு இவ்வளவு நேரம் வாக்குவாதம் செய்ய மாட்டான்.

ஜெயகாந்தனின் முன்னுரைகள் இந்த வழியில் வந்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர், அச்சகத்தில் வேலை பார்த்தவர். இவற்றை மறைக்க நினைத்தவரும் இல்லை, காட்டி இரக்கம் தேடியவரும் இல்லை. என் நண்பர்களில் சிலர் அவருடைய கதையைவிட முன்னுரைக்காகப் புத்தகம் வாங்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றாலும், சில முன்னுரைகள் கதைக்கு இடமே வைக்காமல் சண்டையை முடித்துவிடுகின்றன என்பது என் கருத்து. சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது சண்டைக்குப் போகவில்லை. எல்லாரையும் திருப்திப்படுத்த நினைக்காத ஒரு பத்திரிகை என்பதை இதழின் உள்ளடக்கமே சொல்லிவிட்டது. 1970 வரை நடத்தினார். தான் போட்ட புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

கேட்பவரே இல்லாவிட்டால் என்ன ஆகும்? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷி, வணிகர், அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய மனிதர். யாரும் அவரிடம் எழுதச் சொல்லவில்லை, எழுதியதை யாரும் படிக்கப்போவதுமில்லை. எனவே ‘நான் இன்னார்’ என்று மெனக்கெட்டுச் சொல்லவேண்டிய தேவை இல்லை. எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் யாருக்கு எத்தனை குண்டு மரியாதை, ஆளுநர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னார், ஆளுநரின் மனைவி என்ன சூழ்ச்சி செய்கிறாள் என்று எழுதிக்கொண்டே போகிறார். பொறாமை, பயம், பெருமிதம் எல்லாம் தேதி வாரியாகக் கிடைக்கின்றன. தன்னைப் பற்றிச் சொல்வதாக நினைக்காமல் எழுதியதால் அவர் நமக்கு அகப்பட்டுவிட்டார். ஆனால் எல்லாருக்கும் இந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 25 ஆண்டு நாட்குறிப்புகளைப் பொறுமையாகப் படிக்க வரலாற்று ஆய்வாளர்கள்தான் வேண்டும்.

கி.ராஜநாராயணனிடம் அறிமுகம் கேட்டால் ஒரு வேடிக்கை சொல்வார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை என்பார். எல்லாருக்கும் பிடித்துப்போன பேச்சு அது. மேடையில் அவரை அறிமுகப்படுத்துகிறவர்களெல்லாம் அதையே திருப்பிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அந்த ‘மழைக்கு ஒதுங்கியவர்’ கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

‘எந்த ஊரு?’ என்பதற்கு அவர் சொன்ன பதில் அதற்கு முன்பே, 1976இல், ‘கோபல்ல கிராம’மாக வந்திருந்தது. தெலுங்கு நாட்டில் ஆட்சியாளன் ஒருவன் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டுவிட, இரவோடு இரவாகக் கிளம்பித் தெற்கே நடந்து வந்து, காட்டை அழித்துக் கரிசலில் ஊர் கட்டிய கூட்டத்தின் கதை. நூறு வயது தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அதைச் சொல்லச் சொல்ல, கொள்ளுப் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருவர், தமிழின் ஆக நுணுக்கமான வட்டார வழக்கை எழுதியவர், நாங்கள் இந்த மண்ணுக்கு எப்படி வந்தோம் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஊர் என்றால் ஆதியிலிருந்தே இருப்பது என்று நினைக்கிறவர்கள் அந்த நாவலை ஒருமுறை படிக்கலாம். 1857க்குப் பின் விக்டோரியா ராணியின் ஆட்சி வந்து சேரும் இடத்தில் அது முடிகிறது. அதற்குள் அவருடைய ஊரான இடைசெவல் பக்கத்துச் சம்சாரிகள் எல்லாரும் நமக்கு ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.